எண்ணெய் மணத்தைத் தேடி வந்த குண்டு

தும்பக்கொல்லை என்ற மலையூரில் இருசப்பன் சுட்ட குண்டு தரையில் விழாமல் போனது ஒரு மார்கழி மாதத்தில். அது விழாமல் போனதைவிட அதன்மேல் அவன் பூசிய எண்ணெயைப் பற்றித்தான் அந்த மலையில் இன்றைக்கும் பேசுகிறார்கள், ஏனென்றால் குண்டு ஊற்றுகிறவர்கள் அங்கே நாலைந்து பேர் உண்டு, எல்லோரும் உருக்குவது ஒரே ஈயம்தான், ஆனால் பெண்டாட்டியின் தலைமுடித் தைலத்தை எடுத்துக் குண்டுக்குத் தடவியவன் அவன் ஒருவன்தான்.

இருசப்பனிடம் அப்பா வழியில் வந்த, உரிமம் உள்ள, குழல் வாய் வழியாக வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. செங்கத்து டயர் கடைகளில் சக்கரங்களிலிருந்து கழற்றிப் போடும் ஈயத் துண்டுகளை வாங்கி வந்து, இரும்புக் கரண்டியில் உருக்கி, மேலே மிதக்கும் கசடை வழித்துவிட்டு, அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுப்பான். வெறும் குண்டை அப்படியே போட்டுச் சுட்டால் ஈயம் குழலின் உள்சுவரில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதன்மேல் அடுத்த குண்டு சிக்கும், சிக்கினால் குழல் வெடிக்கும். அவனுடைய பெரியப்பாவுக்கு இடது கண் போனது அப்படித்தான். அதனால் தேன்மெழுகையும் புங்க எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய மசகைக் குண்டைச் சுற்றிப் பூசித்தான் போடுவான்.

அந்த வருஷம் மலையில் தேன் கிடைக்கவில்லை. மழை தப்பி, பூ தப்பி, தேனீக்கள் எங்கேயோ போய்விட்டிருந்தன. பன்றிகள் மட்டும் தப்பாமல் வந்து மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப்போட்டன. இருசப்பன் முதலில் விளக்கெண்ணெயைத் தடவிப் பார்த்தான். அது கசிந்து இறங்கி மருந்தை நனைத்துவிட்டது, துப்பாக்கி புகைந்ததோடு சரி. ஆட்டுக் கொழுப்பைத் தடவி வைத்தான். விடிவதற்குள் எலிகள் குண்டுகளை உருட்டிக்கொண்டு போய்விட்டன. பஸ் டிரைவரிடம் கேட்டு வாங்கிய கிரீஸைப் பூசினான். அது குழலுக்குள் கருகித் தாராகப் படிந்தது, சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினான். குளிரில் பொரிந்து உதிர்ந்தது.

அப்போதுதான் மாடத்தில் இருந்த பாட்டில் அவன் கண்ணில் பட்டது. அது அவன் மனைவி தீர்த்தாயி காய்ச்சும் தேங்காய் எண்ணெய். கறிவேப்பிலையும் வெந்தயமும் கரிசலாங்கண்ணியும் போட்டு, இன்னும் ஏதோ ஒரு வேரும் போட்டு அவள் காய்ச்சுவாள். அந்த வேர் எதுவென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மார்கழிக் குளிரில் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்திருந்தது. விரலால் தோண்டி எடுத்து, மெழுகுவத்தித் துண்டோடு சேர்த்துச் சூடாக்கி, ஒரு குண்டில் தடவிப் பார்த்தான். வழவழவென்று, ஒட்டாமல், உதிராமல், ஒழுகாமல் நின்றது.

"என் தலைக்கு வெச்சிருக்கிறத எடுத்துத் துப்பாக்கிக்குத் தடவுறியே, உனக்கு வேற கெடைக்கலயா?" என்றாள் தீர்த்தாயி.

"ஒரே ஒரு குண்டுக்குத்தான். பன்னி மணக்க மணக்கச் சாவட்டும்," என்றான் அவன்.

மறுநாள் பனி கலையும் நேரத்தில், கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த தனிப்பன்றியைப் பார்த்து அவன் சுட்டான். சத்தம் கேட்டது, புகை வந்தது, தோள் உதைபட்டது, பன்றி ஓடியது. புகை விலகியபோது குண்டு பன்றி நின்ற இடத்துக்கு இரண்டு முழம் இப்பால், இடுப்பளவு உயரத்தில், காற்றில் நின்றுகொண்டிருந்தது. பிறகு வழி கேட்க நிற்கிற வெளியூர்க்காரனைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, மெதுவாகத் திரும்பி, வண்டு பறக்கிற சத்தத்தோடு, மனிதர் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில், அவனுடைய காதோரமாகக் கடந்து ஊரைப் பார்த்துப் போனது. இருசப்பனுக்கு வெகுநேரம் கால் நகரவில்லை. குண்டு போனபின் காற்றில் அவன் பெண்டாட்டியின் தலைமணம் இருந்தது.

அவன் ஓடி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பட்டியில் கட்டியிருந்த ஆடு செத்துக் கிடந்தது. முந்தின வாரம் அதன் கொம்படியில் புண் வந்து, தீர்த்தாயி அந்த எண்ணெயைத்தான் தடவிவிட்டிருந்தாள். குண்டு பட்டியின் மரத்தூணைத் துளைத்து, ஆட்டைத் துளைத்து, பின்சுவரையும் துளைத்து வெளியே போயிருந்தது. வேகமாகத் துளைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, கொதிக்கிற உலையில் அரிசி வேகிற நேரம் ஆனது அது சுவரைக் கடக்க என்று, பார்த்துக்கொண்டே நின்ற மகள் தவமணி சொன்னாள். தவமணிக்கு அப்போது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

மூன்று நாளில் ஊர் குண்டைப் புரிந்துகொண்டது. எதிரே கல் வந்தாலும் மரம் வந்தாலும் நிற்காது, எண்ணெய் மணத்தைத் தேடிப் போகும், தேடியதைத் துளைக்கும், துளைத்து வெளியே வந்து அடுத்ததைத் தேடும். ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டு, இனி யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது என்று சொன்னார். அன்று மத்தியானம் நாற்பத்து மூன்று வீட்டு ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஓடையில் வரிசையாக உட்கார்ந்து சீயக்காய் தேய்த்துக் குளித்தார்கள். ஓடை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கீழே போயிற்று. ஒரு வாரத்தில் எல்லோர் தலையும் சாமை வைக்கோல்போல் பரட்டையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப்பதிவு எடுப்பதற்கு முன் பிள்ளைகளின் தலையை முகர்ந்து பார்த்தாள். கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய் ஊற்றினார்கள். தகரத்தைத் தட்டினால் குண்டு தெருவுக்குள் வருகிறது என்று பொருள். ஒரு தட்டு மேலத்தெரு, இரண்டு தட்டு கீழத்தெரு. அது வருகிற திசையில் கதவுகளைத் திறந்து வைத்தார்கள், சுவராவது மிஞ்சட்டும் என்று. அப்படியும் விழுந்த ஓட்டைகளை முதலில் களிமண் வைத்து அடைத்தவர்கள், அது மறுபடியும் மறுபடியும் அதே வழியாக வருவதைப் பார்த்து, அடைப்பதை விட்டுவிட்டார்கள். பகலில் சாதாரணமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண், வண்டுச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஓடாமல் வேகமாக நடந்து பக்கத்து வீட்டுக்குப் போவாள். ஓடினால் தடுக்கி விழுவோம் என்று எல்லோரும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு குண்டு போட்டு இந்தக் குண்டைச் சுட்டுத் தள்ளினால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"சுடலாம்," என்றான் இருசப்பன். "எதத் தடவிச் சுடுறது? அதச் சொல்லுங்க."

நெய் தடவு என்றார் ஒருவர். நேற்றுத்தான் நெய்ச்சோறு தின்ற பிள்ளை என்று ஒரு தாய் கத்தினாள். விளக்கெண்ணெய் என்றார்கள், குழந்தைகளின் தொப்புளில் அதுதானே வைக்கிறோம் என்றார்கள். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், பன்றிக்கொழுப்பு, பஸ் டிரைவரின் கிரீஸ் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உடம்பிலோ வயிற்றிலோ இருந்தது. யார்மேலும் இல்லாத எண்ணெய் ஒன்றின் பேர் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றும் தடவாமல் சுட்டால் குழல் வெடிக்கும் என்று இருசப்பன் சொன்னான். கூட்டம் கலைந்தது. அன்று வீட்டுக்குப் போன அவன் குண்டு ஊற்றும் அச்சைச் சம்மட்டியால் அடித்து நசுக்கினான். நசுக்கிய பிறகும் பயம் போகாமல், அதைக் கொண்டுபோய்ப் புதைத்தான். புதைத்த இடத்தின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

இருபதாம் நாள்தான் மளிகைக் கடைப் பூங்காவனம் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பூங்காவனம் இருசப்பனுக்குத் தங்கை முறை. புருஷன் இல்லாமல் தனியாகக் கடை நடத்துகிறவள். பயந்த சுபாவம், அதனால் எப்போதும் சத்தமாகப் பேசுவாள். கடையில் விற்காமல் கிடந்த தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். குண்டு கடைக்குள் நுழைந்தபோது அவளுக்கு வெளியே வர வழியில்லை. தராசுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். குண்டு சாக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து, அதைச் சட்டை பண்ணாமல், கடந்து போய்விட்டது.

"அது தேங்கா எண்ணெயத் தேடல," என்று அவள் தெருவில் நின்று கத்தினாள். "தீர்த்தாயி அண்ணி காய்ச்சின எண்ணெயத்தான் தேடுது!"

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தலைவாரிக்கொண்டது. பெண்கள் பாக்கெட்டைப் பிரித்து உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியல் நடந்தது. பயம் ஊரைவிட்டு நீங்கி, முழுசாக, ஒரு சொட்டுக் குறையாமல், இருசப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தீர்த்தாயியும் தவமணியும் ஏற்கெனவே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் மூன்று வேளை குளித்தார்கள். ஆனால் முப்பது வருஷம் வைத்த எண்ணெய் ஒரு மாதச் சீயக்காயில் போய்விடுமா? தவமணிக்கு வளைகாப்பு நாளில் உச்சி முதல் பாதம் வரை அந்த எண்ணெயைத்தான் தேய்த்திருந்தாள் தாய். அவள்மேல்தான் மணம் அதிகம். குண்டு அவள் இருக்கிற பக்கமாகவே வந்தது. அவள் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நடந்துகொண்டே சாப்பிட்டாள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு இடத்தில் படுக்கவில்லை. செங்கத்தில் இருந்த தீர்த்தாயியின் தங்கைக்கு ஆடி மாதம் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நடுவில் எட்டு நாள் குண்டைக் காணோம் என்று மூச்சு விட்டபோது அந்தத் தங்கை போன் செய்தாள், வீட்டுச் சுவரில் ஓட்டை, பீரோவில் ஓட்டை, வெளியே ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தேன் என்று அழுதாள். அப்படி, எங்கே போனாலும் தேடிக்கொண்டு வரும் என்பதும் தெரிந்துபோயிற்று.

ஊர்க்கவுண்டர் சொல்லத் தயங்கியதைப் பூங்காவனம்தான் வந்து சொன்னாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காத. நீங்க மூணு பேரும் கொஞ்ச நாளைக்கு வேற எங்கனா போயிருங்க. நடுவுல குறுக்க யாரு மாட்டுனாலும் அது பார்க்காது. பள்ளிக்கூடத்துப் பசங்க இருக்குது."

"இந்த வயித்த வெச்சிக்கினு இவள எங்க கூட்டிக்கினு போவேன் பூங்காவனம்?"

 பூங்காவனம் தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

தவமணிக்கு மூன்று வாரம் முந்தியே வலி வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை, வெயில் நன்றாக ஏறிய நேரம். ஆம்புலன்ஸ் மலை ஏறி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஊர் நர்ஸம்மா வந்து பார்த்து, இனி இவளை அசைக்கக்கூடாது, தலை இறங்கிவிட்டது என்றாள். அப்போது தகரம் இரண்டு தட்டுத் தட்டியது, அவர்களுடைய கீழத்தெருவுக்கு.

தவமணி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அம்மா, கதவத் தொறந்து வெச்சிருக்கியா?" என்றாள், அதுதான் முக்கியம் என்பதுபோல.

வண்டுச் சத்தம் முதலில் வேப்பமரத்துப் பக்கம் கேட்டது, பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம், பிறகு பக்கத்து வீட்டுச் சுவருக்குள், அரைபடுகிற மாவுபோல. நர்ஸம்மா எழுந்து சுவரோரம் போய், மறுபடியும் வந்து உட்கார்ந்து, கைகளைத் தவமணியின் முழங்காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஓடவில்லை, ஆனால் அவளுடைய பற்கள் அடித்துக்கொள்வது எல்லோருக்கும் கேட்டது.

இருசப்பன் அறையின் வாசலில் நின்றிருந்தான். அந்த முப்பத்தெட்டு நாளும் அவன் ஊரில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவன். சோறு இறங்கவில்லை, யார் கண்ணையும் பார்க்கவில்லை, வண்டுச் சத்தம் கேட்டால் பெண்டாட்டியையும் மகளையும் முந்திக்கொண்டு வெளியே போய்விட்டுப் பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறான். இப்போதும் கால் வெளியே போகத்தான் துடித்தது. அவன் மாடத்துக்குப் போனான். பாட்டிலில் பாதி எண்ணெய் இருந்தது. கொட்டினால் கொட்டின இடத்துக்கு வரும் என்று கொட்டாமல் இறுக மூடி மெழுகு வைத்து அடைத்த பாட்டில். மெழுகைப் பல்லால் கடித்து உடைத்தான். ஒரு கை எண்ணெயை வழித்து உச்சந்தலையில் வைத்து, காது, பிடரி, மார்பு என்று தேய்த்தான். வீடு முழுக்கத் தீர்த்தாயியின் மணம் எழுந்தது.

சுவரில் மண் உதிர்ந்தது. சாம்பல் நிற மூக்கு ஒன்று வெளியே வந்து, தவமணியின் தலைமாட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றது. இப்படியும் அப்படியும் அசைந்தது.

"இங்க," என்றான் இருசப்பன். மறுபடியும் சொன்னான். "இங்க இருக்கேன்."

அது திரும்பியது. அவன் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நாலு அடி எடுத்து வைத்து, வாசலைத் தாண்டி, திரும்பி நடக்கத் தொடங்கினான். அவன் தெருக்கோடியைத் தாண்டும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நிற்க முடியவில்லை. பெண் குழந்தை என்று யாரோ அவன் முதுகுக்குப் பின்னால் கத்திச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவன் நடந்துகொண்டே இருந்தான். மலையைச் சுற்றி ஒரு பாதை உண்டு; வேகமாக நடந்தால் ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகும். குண்டு அவன் விட்டுப்போன மணத்தைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் வரும், அவன் அதைவிடக் கொஞ்சம் வேகமாக நடப்பான். ஒரு சுற்று முடிகிறபோது இரண்டு மணி நேரம் முன்னால் இருப்பான். அந்த இரண்டு மணி நேரம் தூங்குவான். மணம் குறைந்தால் அது தவமணியிடம் திரும்பிவிடும் என்று தினமும் கொஞ்சம் எண்ணெய் வைப்பான். தீர்த்தாயி அழுதுகொண்டே புது எண்ணெய் காய்ச்சினாள். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இருசப்பன் போகிறான் என்றால் கொல்லைக்குக் கிளம்பும் நேரம், குண்டு போகிறது என்றால் கஞ்சி குடிக்கும் நேரம் என்று சொல்லத் தொடங்கினார்கள். பாதையோரம் உள்ளவர்கள் அவனுக்குச் சோற்று மூட்டையை மரக்கிளையில் தொங்கவிட்டார்கள்; ஆனால் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வரவில்லை. ஊரைக் கடக்கும்போது தவமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அவன் நடையைக் கொஞ்சம் குறைப்பான். குழந்தையின் முகத்தை ஒரு தடவை அப்படிப் பார்த்தால், அடுத்த சுற்று முழுக்க அதை நினைத்துக்கொண்டு நடப்பான்.

இருபது நாளுக்குப் பிறகு அவன் கால் வீங்கிவிட்டது. தூங்குகிற இரண்டு மணி நேரம் ஒன்றரை ஆயிற்று, ஒன்றாயிற்று. ஒருநாள் காலை ஊர் எல்லைப் புளியமரத்தடியில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். விழித்தபோது தீர்த்தாயி முன்னால் நின்றிருந்தாள். ஒட்ட வெட்டிய தலையில் எண்ணெய் வழிந்து புருவத்தில் நின்றது. கையில் ஒரு குடம் தண்ணீரும் சீயக்காயும் இருந்தன.

"நீ இன்னாடி பண்ற? போ அந்தாண்ட!"

"குனி," என்றாள். குனிய வைத்து, அவன் தலையை நகக்கண் வலிக்கிற அளவுக்குத் தேய்த்துக் கழுவினாள். "வீட்டுக்குப் போய்ப் படு. புள்ளையப் பக்கத்துல போட்டுக்க. நாளைக்குக் காலைல வெயில் ஏறுற நேரம் ஓடைப் பாலத்துகிட்ட வந்து நில்லு. மறந்துறாத."

"தீர்த்தா, ராத்திரில தனியா அதோட சத்தத்த நீ கேட்டதில்ல."

"கேட்டுக்கறேன்," என்றாள். இரண்டு கையாலும் புடவையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

அன்று முழுக்க அவள் நடந்தாள். சத்தம் தூரத்தில் இருக்கும்போது பயமாக இருந்தது, கேட்காமல் போனபோது அதைவிடப் பயமாக இருந்தது. துணைக்கு ஆள் இல்லாததால் அவள் குண்டிடமே பேசிக்கொண்டு நடந்தாள். பேத்திக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று சொன்னாள், எண்ணெயில் போடுகிற அந்த வேரின் பேரையும் சொன்னாள், பொழுது போனபின் நிலா வெளிச்சத்தில் கல்லில் இடித்துக்கொண்டு விரல் நகம் பெயர்ந்ததையும் சொன்னாள். விடிந்து, வெயில் ஏறி, ஓடைப் பாலத்துக்கு இறங்குகிற வளைவு வந்தபோது அவளுக்கு ஒரு அடி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. வண்டுச் சத்தம் பின்னால், மூங்கில் புதரைத் துளைத்துக்கொண்டு வந்தது. பாலத்தில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. இருசப்பனின் உயரம் இல்லை.

கிட்டே போனபோதுதான் அது பூங்காவனம் என்று தெரிந்தது. அவள் தலையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கடை எண்ணெய் இல்லை; அந்த மணம் தீர்த்தாயிக்குத் தெரியும்.

"அண்ணன் இன்னும் தூங்குது," என்றாள் பூங்காவனம். இந்த முறை சத்தமாகப் பேசவில்லை. "நெஞ்சுமேல புள்ளையப் போட்டுக்கினு தூங்குது. எழுப்ப மனசு வரல. நான்தான் மாடத்துலேர்ந்து எடுத்து வெச்சிக்கினேன்."

"உன்ன அது சீண்டவே இல்லியேடி. நீ ஏன்டி?"

"பேசாத அண்ணி. பேசினா நான் திரும்பி ஓடிருவேன்." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். "எந்தப் பக்கம் போவணும், அத மட்டும் சொல்லு."

தீர்த்தாயி பாலத்துக்கு அப்பால் ஏறிப் போகிற பாதையைக் காட்டினாள். பூங்காவனம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டு, வேகமாக நடந்தாள். தீர்த்தாயி ஓடைக்குள் இறங்கி, தண்ணீருக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தலைக்கு மேலே பாலத்தின் வழியாக அந்தச் சத்தம் கடந்து போகும் வரைக்கும்.